மாத்திரைக்குள் இருந்த பூ: மறதி நோய்க்குச் செடிகள் தந்ததும் தராததும்

பெரியம்மாவுக்கு மறதி நோய் என்று உறுதியான பிறகு, அவருடைய கட்டிலோர மேசையில் இரண்டு மருந்துகள் இருந்தன. ஒன்று, மருத்துவர் எழுதிக் கொடுத்த காலன்டமின். இன்னொன்று, உறவினர் ஒருவர் அக்கறையோடு அனுப்பி வைத்த ஜிங்கோ மாத்திரைக் குப்பி. அதன் மேல் விசிறி போல விரிந்த பச்சை இலையின் படம். வீட்டில் முதலாவதை ‘இங்கிலீஷ் மருந்து’ என்போம், இரண்டாவதை ‘மூலிகை’ என்போம். இங்கிலீஷ் மருந்தைக் கொடுக்கும்போது எல்லோருக்கும் ஒரு தயக்கம் இருந்தது. மூலிகைக் குப்பியைத் திறக்கும்போது யாருக்கும் எந்தத் தயக்கமும் இல்லை.

நாங்கள் விஷயத்தைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருந்தோம். காலன்டமின் ஒரு பூச்செடியிலிருந்து பிறந்த மருந்து. குளிர்நாடுகளில் பனி உருகும் நேரத்தில் தலை கவிழ்ந்து பூக்கும் ஸ்னோடிராப் என்ற சிறு வெள்ளைப்பூ அதன் தாய்வீடு. ஜிங்கோவும் மரத்திலிருந்து வந்ததுதான். ஆனால் 3069 முதியவர்களிடம் ஆறு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தபோது, மறதி நோய் வராமல் தடுக்க அது உதவவில்லை என்று தெரிந்துவிட்டது. இரண்டும் செடிகொடி வழி வந்தவை. ஒன்று மருந்தானது, இன்னொன்று நம்பிக்கையாகவே நின்றுவிட்டது. இது எப்படி நடந்தது என்பதைப் புரிந்துகொண்டால், ‘மறதிக்கு இந்த மூலிகை’ என்று வரும் ஒவ்வொரு செய்தியையும் வேறு கண்ணோடு படிக்கலாம்.

நாம் மறதி நோய் என்று சொல்வது, பல நோய்களால் வந்து சேரும் ஒரு நிலை. அதற்குத்தான் டிமென்ஷியா என்று பெயர். நினைவு, சிந்தனை, பேச்சு, அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ளும் திறன் எல்லாம் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் உலகில் 5.7 கோடிப் பேருக்கு இது இருந்தது. ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் புதிதாகச் சேருகிறார்கள். இவர்களில் 60 முதல் 70 சதவீதம் பேருக்குக் காரணம் அல்சைமர் நோய். மூளையின் ரத்தக்குழாய்ப் பாதிப்பு, லூயி படிமங்கள் எனப்படும் புரதத் திரள்கள், பார்க்கின்சன் நோய் ஆகியவை மற்ற முக்கியக் காரணங்கள்.

இப்போது நாம் பார்க்க வேண்டியது அசிட்டைல்கோலின் என்ற ஒரு பொருளை மட்டும். மூளையின் அடிப்பகுதியில் முன்பக்கமாக ஒரு சிறு நரம்புக் கூட்டம் இருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் இழைகள் மூளையின் மேற்பரப்பு முழுவதும் பரவி, அங்கே அசிட்டைல்கோலினைச் சுரக்கின்றன. கவனம் வைக்கவும் புதிய விஷயத்தை மனத்தில் பதித்துக்கொள்ளவும் இது தேவை. சுரந்த அசிட்டைல்கோலின் நுண்ணிய இடைவெளியைக் கடந்து அடுத்த செல்லைத் தொட்டதும், அங்கே காத்திருக்கும் ஒரு என்சைம் அதை உடைத்துப் போட்டுவிடும். ஒரே ஒரு என்சைம் மூலக்கூறு வினாடிக்கு ஆயிரக்கணக்கான அசிட்டைல்கோலின்களை உடைக்கும். அப்படி உடைத்தால்தான் அடுத்த செய்திக்கு இடம் கிடைக்கும்.

அல்சைமர் நோயில் அந்த நரம்புக் கூட்டம் அழிந்துகொண்டே வருகிறது, சுரப்பும் குறைகிறது. அழிந்ததைத் திரும்ப வளர்க்க வழியில்லை. சரி, சுரக்கிற கொஞ்சத்தையாவது சீக்கிரம் உடைந்துபோகாமல் காப்பாற்றினால்? அந்த என்சைமின் கையைக் கொஞ்ச நேரம் கட்டிப்போட்டால்? இன்று டிமென்ஷியாவுக்கு மருத்துவர்கள் வழக்கமாக எழுதும் மருந்துகளில் பெரும்பாலானவை இந்த ஒரே யோசனையில் நிற்கின்றன. அந்த யோசனையின் வேரைத் தேடிப்போனால், ஒரு விஷ அவரையில் போய் நிற்கும்.

விஷ அவரை

இன்றைய நைஜீரியாவின் தென்கிழக்கில் கலபார் என்ற பகுதி. அங்கே வாழும் எஃபிக் மக்களிடம் ஒரு காலத்தில் கொடிய விசாரணை முறை ஒன்று இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு எசெரே என்ற கொடியின் விதையை அரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். வாந்தி எடுத்துப் பிழைத்தால் நிரபராதி, செத்தால் குற்றவாளி. மனத்தில் பயமில்லாதவர் ஒரே மடக்கில் குடித்து உடனே வாந்தி எடுத்துவிடுவார், பயந்தவர் தயங்கித் தயங்கிக் குடிப்பதால் விஷம் உள்ளே தங்கிவிடும் என்று பின்னாளில் விளக்கம் சொன்னார்கள். அது எந்த அளவுக்குச் சரியோ, அந்த விதையின் வீரியத்தில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

அந்த விதைகள் ஸ்காட்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தன. எடின்பரோவில் மருந்தியல் பேராசிரியராகவும் நச்சியல் வல்லுநராகவும் இருந்த ராபர்ட் கிறிஸ்டிசன் 1855-இல் அதைத் தானே தின்று பார்த்தார். இரவில் ஒரு சிறு துண்டு. ஒன்றும் பெரிதாக ஆகவில்லை. காலையில் அதைவிடப் பெரிய துண்டு. கொஞ்ச நேரத்தில் தலை சுற்றியது, கைகால்கள் தளர்ந்தன. விபரீதம் புரிந்ததும், சற்றுமுன் முகம் மழித்த தண்ணீரையே எடுத்துக் குடித்து வாந்தி எடுத்தார். பிழைத்துக்கொண்டார். உடல் அசைய மறுத்தபோதும் அறிவு தெளிவாக இருந்ததைக் குறித்து வைத்தார்.

அடுத்த பத்தாண்டுகளுக்குள் அந்த விதையின் நஞ்சைத் தனியே பிரித்தெடுத்தார்கள். ஃபைசோஸ்டிக்மின் என்று பெயர் வைத்தார்கள். அந்த என்சைமின் கையைக் கட்டிப்போடும் பொருள் இதுதான். எசெரேயின் நினைவாக எசெரின் என்றும் அதைச் சொல்வதுண்டு. கண்மணியைச் சுருக்கும் குணம் இருந்ததால் கண் அழுத்த நோய்க்கு மருந்தானது. 1934-இல் மேரி வாக்கர் என்ற மருத்துவர் தசைக்களைப்பு நோயாளி ஒருவருக்கு அதைக் கொடுத்தபோது, தொங்கிப்போன இமைகள் மேலெழுந்தன. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் பெர்சி ஜூலியன், ஜோசப் பிக்ல் இருவரும் அந்த மூலக்கூறை ஆய்வுக்கூடத்தில் முழுக்கச் செயற்கையாகக் கட்டிக் காட்டினார்கள். ஜூலியன், அடிமைகளாக இருந்தவர்களின் பேரன். கறுப்பினத்தவர் என்பதற்காகப் பேராசிரியர் வேலை மறுக்கப்பட்டவர். அவருடைய அந்த வேதியியல் இன்றும் பாடமாக இருக்கிறது.

இவ்வளவும் நடந்தபோது மறதி நோய் யார் கணக்கிலும் இல்லை. அதற்கு இன்னொரு செடி வந்து வழிகாட்ட வேண்டியிருந்தது.

ஊமத்தை, குரோசாணி ஓமம் போன்ற செடிகளில் ஸ்கோபாலமின் என்ற பொருள் இருக்கிறது. அசிட்டைல்கோலின் போய் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும். 1974-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நல்ல ஆரோக்கியமான இளைஞர்களுக்கு இதைக் கொஞ்சம் கொடுத்தார்கள். பழைய நினைவுகள் அப்படியே இருந்தன, புதிதாகச் சொன்னது மட்டும் மனத்தில் தங்கவில்லை. வயதானவர்களிடம் பார்த்த அதே கோலம். பிறகு ஃபைசோஸ்டிக்மினைக் கொடுத்ததும் அந்த மறதி ஓரளவு விலகியது. ஒரு செடி மறக்க வைத்ததை இன்னொரு செடி மீட்டுக் கொடுத்தது. 1976-இல், கிறிஸ்டிசன் அவரையைத் தின்ற அதே எடின்பரோவில், அல்சைமர் நோயால் இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்தவர்கள் அங்கே அசிட்டைல்கோலினை உருவாக்கும் திறன் வெகுவாகக் குறைந்திருப்பதைக் கண்டார்கள். கதையின் இரண்டு முனைகளும் ஒன்று சேர்ந்தன.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஸ்கோபாலமினைப் போலவே அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்துகள் அன்றாடப் புழக்கத்தில் பல உண்டு. தூக்கம் வரவழைக்கும் சில பழைய ஒவ்வாமை மாத்திரைகள், அடிக்கடி சிறுநீர் போவதைக் கட்டுப்படுத்தும் சில மாத்திரைகள் அந்த வகை. மறதிக்கு ஒரு மாத்திரையும், அதன் வேலையையே கெடுக்கும் இன்னொரு மாத்திரையும் ஒரே பெட்டியில் இருக்கும் வீடுகள் குறைவில்லை. மருத்துவரிடம் போகும்போது எல்லா மாத்திரைகளையும் அள்ளிக்கொண்டு போய்க் காட்டுவது, புதிய மூலிகை தேடுவதைவிடச் சில நேரம் அதிகம் உதவும்.

ஃபைசோஸ்டிக்மினை அப்படியே மறதிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கொஞ்சம் பலன் தெரிந்தது. ஆனால் அது உடலில் வெகு சீக்கிரம் கரைந்துவிடும், ஓயாமல் கொடுக்க வேண்டும், குமட்டலும் வயிற்றுப்போக்கும் படுத்தும். ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் மார்த்தா வைன்ஸ்டாக் என்ற மருந்தியலாளர் அந்த மூலக்கூறின் அடிப்படை அமைப்பை வைத்துக்கொண்டு வேறொன்றை உருவாக்கினார். அதுதான் ரிவாஸ்டிக்மின். 2000-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2007-இல் தோலில் ஒட்டிக்கொள்ளும் பட்டையாகவும் வந்தது. விழுங்கும்போது வந்த குமட்டல் பட்டையில் கணிசமாகக் குறைந்தது. முதுகில் ஒட்டியிருக்கும் அந்தச் சின்னப் பட்டையைப் பார்க்கும் யாருக்கும் கலபார் அவரை நினைவுக்கு வராது.

வெள்ளைப்பூ

காலன்டமினும் அதே என்சைமைத்தான் தடுக்கிறது. ஆனால் அதன் பாதை இதைவிட நேரானது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1950-களின் தொடக்கத்தில், சோவியத் விஞ்ஞானிகள் காகசஸ் பகுதியின் ஸ்னோடிராப் வகையொன்றில் அதைக் கண்டெடுத்தார்கள். பல்கேரியாவில் டிமிதர் பாஸ்கோவ் தலைமையில் அதை மருந்தாக்கி நிவாலின் என்று பெயரிட்டார்கள். போலியோவால் தளர்ந்த தசைகளுக்கும், அறுவைச் சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுத்த மருந்தை முறிப்பதற்கும் கிழக்கு ஐரோப்பாவில் பல ஆண்டுகள் பயன்பட்டது. அல்சைமர் நோய்க்கு என்று மேற்கு நாடுகள் அதை எடுத்துக்கொண்டது மிகவும் பின்னால்தான். அமெரிக்க அனுமதி 2001-இல் வந்தது.

மருந்தாக்குவதில் பெரிய தொல்லை, செடியில் அது இருக்கும் அளவு. காய்ந்த எடையில் ஒரு சதவீதம்கூடக் கிடையாது. காட்டில் பறித்துக்கொண்டே போனால் செடி இனமே அற்றுப்போகும். ஸ்னோடிராப் வகைகள் இன்று பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின் கீழ் இருக்கின்றன. அதனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த டாஃபடிலைப் பயிரிட்டு எடுத்தார்கள். வேல்ஸ் நாட்டு மலைச்சரிவுகளில் இதற்காகவே டாஃபடில் வளர்க்கிறார்கள். அப்புறம் ஆய்வுக்கூடத்திலேயே முழுக்கச் செய்யும் முறையும் வந்துவிட்டது. கையில் இருக்கும் மாத்திரை டாஃபடில் வயலிலிருந்து வந்ததா, தொழிற்சாலைக் கொதிகலனிலிருந்து வந்ததா என்பதால் மூலக்கூறில் எந்த வித்தியாசமும் இல்லை. ‘இயற்கை’, ‘செயற்கை’ என்ற பிரிவு இந்த இடத்தில் வேலை செய்வதே இல்லை.

எங்கோ மண்ணில் நிற்கும் ஒரு செடி, மனித மூளையின் என்சைமுக்குப் பொருத்தமான பூட்டை ஏன் செய்து வைத்திருக்கிறது? இந்தக் கேள்வி என்னை வெகுநாள் குடைந்தது. செடி நம்மை நினைத்து எதையும் செய்யவில்லை. கடிக்க வரும் பூச்சியிடமிருந்து ஓடிப்போக அதற்குக் கால்கள் இல்லை, ஆகவே நஞ்சு செய்கிறது. பூச்சிகளின் நரம்புகளும் அசிட்டைல்கோலினில்தான் ஓடுகின்றன, அதை உடைக்க அவற்றுக்கும் அதே வகை என்சைம்தான். கலபார் அவரையின் மூலக்கூறைப் பார்த்துத்தான் கார்பமேட் வகைப் பூச்சிக்கொல்லிகளையும் செய்தார்கள். மருந்தும் பூச்சிமருந்தும் ஒரே விதையின் பிள்ளைகள். செடியில் உள்ளது என்பதாலேயே ஒரு பொருள் நமக்கு நல்லது செய்யும் என்று நம்புவதற்கு இதில் இடமே இல்லை. அளவு தெரிந்தால் மருந்து, தெரியாவிட்டால் நஞ்சு.

இந்த மருந்துகளால் கிடைக்கும் பலன் எவ்வளவு? நேராகவே சொல்கிறேன், சிறிதுதான். அல்சைமர் ஆய்வுகளில் 70 புள்ளி கொண்ட ஓர் அளவுகோலைப் பயன்படுத்துவார்கள். ஆறு மாதம் காலன்டமின் எடுத்தவர்கள், மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களைவிட அதில் சுமார் 3 புள்ளி மேலே இருந்தார்கள். சிலருக்கு அது நன்றாகவே தெரியும், சிலருக்குத் தெரியவே தெரியாது. நோய் உள்ளே நகர்ந்துகொண்டேதான் இருக்கும். குமட்டல், எடை குறைவு, இதயத் துடிப்பு மெதுவாவது ஆகிய பக்கவிளைவுகள் உண்டு. டிமென்ஷியா ஆவதற்கு முந்தைய லேசான மறதிக் கட்டத்தில் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பலன் தெரியவில்லை. காலன்டமின் எடுத்தவர்களிடையே இறப்புகள் கூடுதலாக இருந்தது கண்டு 2005-இல் எச்சரிக்கையும் விடுத்தார்கள். ஆகவே ‘இப்போதே தொடங்கிவிட்டால் நல்லதுதானே’ என்ற எண்ணம் இதில் செல்லாது.

சிறிது என்றாலும் அந்தச் சிறிது உண்மையானது. எத்தனை புள்ளி, எத்தனை மாதம், யாருக்கு என்று சொல்ல முடிகிறது. செடிகளைப் பற்றிய மற்ற பேச்சுகளோடு இதை வைத்துப் பார்க்கும்போதுதான் இந்த 3 புள்ளியின் மதிப்பு தெரியும்.

மூலிகைக் குப்பிகள்

ஜிங்கோவில் தொடங்குகிறேன், ஏனென்றால் இதைப்போல ஒழுங்காகச் சோதிக்கப்பட்ட மூலிகை வேறில்லை. டைனோசர் காலத்திலேயே இதன் உறவுகள் இருந்தன. ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த இடத்துக்கு அருகே நின்ற ஜிங்கோ மரங்கள் மறுபடி துளிர்த்தன. இப்படி ஒரு மரத்தின் மேல் மனிதனுக்கு நம்பிக்கை வருவது இயல்பு. ஆய்வுக்கூடத்திலும் அதன் இலைச்சாறு செல்களைப் பாதுகாத்தது, ரத்த ஓட்டத்தைக் கூட்டியது. அமெரிக்காவில் 75 வயதைத் தாண்டிய 3069 பேரைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு நாளொன்றுக்கு இருமுறை 120 மில்லிகிராம் ஜிங்கோ, மீதிப் பேருக்குப் போலி மாத்திரை. யாருக்கு எது என்று எடுப்பவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. 2008-இல் முடிவு வந்தது. ஜிங்கோ எடுத்தவர்களில் 277 பேருக்கு டிமென்ஷியா வந்திருந்தது, போலி மாத்திரை எடுத்தவர்களில் 246 பேருக்கு. அந்த வித்தியாசம் தற்செயலாக வரக்கூடியதுதான், ஜிங்கோ கெடுத்தது என்று சொல்ல முடியாது. தடுத்தது என்றும் சொல்ல முடியாது. 2012-இல் பிரான்சில் 2854 பேரிடம் ஐந்து ஆண்டுகள் நடந்த ஆய்வும் இதையே சொன்னது.

ஏற்கெனவே டிமென்ஷியா வந்து, கூடவே பதற்றம், மனச்சோர்வு முதலியவை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 240 மில்லிகிராம் கொடுத்த சில ஆய்வுகளில் சிறிது பலன் தெரிந்ததும் உண்மை. ஜெர்மனியில் மருத்துவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அந்த ஆய்வுகளில் பயன்பட்டது குறிப்பிட்ட முறையில் வடித்து, உட்பொருள்களின் சதவீதம் இவ்வளவு என்று நிர்ணயித்த ஒரு சாறு. இலைப் படம் போட்ட எந்தக் குப்பியிலும் அதுவே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

மஞ்சளில் உள்ள குர்குமினின் கதை இன்னும் பாடமானது. அல்சைமர் மூளையில் அமிலாய்டு என்ற புரதம் திட்டுத்திட்டாகப் படிகிறது. குர்குமின் அந்தத் திட்டுகளில் போய் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய இடம் ஒளிரும். நோய் வரவழைத்த எலிகளுக்குக் கொடுத்தபோது திட்டுகள் குறைந்தன. பத்திரிகைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்! ஆனால் அல்சைமர் உள்ள 36 பேருக்கு 24 வாரம், நாளொன்றுக்கு 2 கிராம் அல்லது 4 கிராம் கொடுத்த ஆய்வு 2012-இல் வெளிவந்தபோது, நினைவில் எந்த மாற்றமும் இல்லை. ரத்தத்தில் தேடினால் குர்குமினே அரிதாகத்தான் கிடைத்தது. குடலில் அது சரியாக உறிஞ்சப்படுவதில்லை. உறிஞ்சப்பட்ட கொஞ்சத்தையும் கல்லீரல் உடனே மாற்றி வெளியேற்றிவிடுகிறது. அதையும் தாண்டினால் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு. கிண்ணத்தில் வளரும் செல் மேல் நேராக ஊற்றும்போது இந்தக் காவல்களில் ஒன்றுகூடக் கிடையாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. புதிய மருந்தைத் தேடும்போது ஆயிரக்கணக்கான பொருள்களை ஒரு புரதத்தின் மேல் விட்டு, எது ஒளிர்கிறது, எது ஒட்டுகிறது என்று பார்ப்பார்கள். குர்குமின் தானாகவே ஒளிரும், பல புரதங்களிலும் பாகுபாடில்லாமல் ஒட்டும், கரைசலில் சீக்கிரம் சிதையும். ஆகவே எந்தச் சோதனையில் வைத்தாலும் ‘வேலை செய்கிறது’ என்று பொய் சமிக்ஞை தரும். 2017-இல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் அதுவரை நடந்ததையெல்லாம் தொகுத்துப் பார்த்தார்கள். பல்வேறு நோய்களுக்காக 120-க்கும் மேற்பட்ட மருத்துவ ஆய்வுகள் நடந்திருந்தும், இருபுறமும் மறைத்து முறையாக நடத்திய ஆய்வு ஒன்றுகூட வெற்றி பெறவில்லை என்று எழுதினார்கள். அடுத்த ஆண்டு கலிஃபோர்னியாவில், டிமென்ஷியா இல்லாத 40 பேரிடம், எளிதில் உறிஞ்சப்படும் வகையில் செய்த குர்குமினை 18 மாதம் கொடுத்தபோது நினைவுத்திறன் சற்றுக் கூடியதாகத் தெரிந்தது. நல்ல செய்திதான். ஆனால் 40 பேர் என்பது பெரிய ஆய்வுக்கான அழைப்பு மட்டும்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். பாசி போலத் தோன்றும் ஹூபர்சியா என்ற சீனச் செடியிலிருந்து 1980-களில் பிரித்தெடுத்த ஹூபர்சின் ஏ, காலன்டமினைப் போலவே அந்த என்சைமைத் தடுக்கும். சீனாவில் அது மருந்தாகவே புழங்குகிறது. அமெரிக்காவில் 210 பேரிடம் நடந்து 2011-இல் வெளிவந்த ஆய்வில், முதன்மையாகச் சோதித்த அளவில் பலன் இல்லை. திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ராலை 119 அல்சைமர் நோயாளிகளுக்கு ஓராண்டு கொடுத்தார்கள். பாதுகாப்பாக இருந்தது, அறிவாற்றலில் மாற்றமில்லை. குங்குமப்பூவை வைத்து ஈரானில் நடந்த சிறு ஆய்வுகள் நம்பிக்கை தந்தாலும் ஒவ்வொன்றிலும் ஐம்பது பேர் அளவுக்குத்தான். நீர்ப்பிரமி நல்ல ஆரோக்கியமானவர்களிடம், பன்னிரண்டு வாரம்போலத் தொடர்ந்து எடுத்தபோது, கற்றதை நினைவில் வைப்பதற்குக் கொஞ்சம் உதவியதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அதிலிருந்து டிமென்ஷியாவுக்கு ஒரே தாவாகத் தாவ முடியாது. பழுப்புக் கடற்பாசியிலிருந்து செய்த ஜிவி-971 என்ற மருந்துக்குச் சீனா 2019-இல் நிபந்தனையோடு அனுமதி கொடுத்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பல நாடுகளில் தொடங்கிய பெரிய ஆய்வு 2022-இல் பாதியில் நிறுத்தப்பட்டது.

இத்தனை பேர் நேர்மையாக உழைத்தும் ஏன் இப்படி? உறிஞ்சலும் மூளைத் தடுப்பும் பாதிக் காரணம். மீதி, காலம். அல்சைமரின் மாற்றங்கள் மூளையில் தொடங்கி, மறதி வெளியே தெரிவதற்கு 15, 20 ஆண்டுகள்கூட ஆகும். நோயாளி மருத்துவரிடம் வரும்போது அழிய வேண்டியது பெருமளவு அழிந்திருக்கும். எலிக்கு நோய் வரும் முன்பே மருந்தைக் கொடுக்கலாம். மனிதருக்கு அப்படிக் கொடுக்க வேண்டுமென்றால் ஆரோக்கியமாக இருப்பவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர வேண்டும், அதற்குப் பெரும் பணம் வேண்டும். சும்மா கிடைக்கும் இலைச்சாறுக்குக் காப்புரிமை வாங்க முடியாது என்பதால் அந்தப் பணத்தைப் போட நிறுவனங்களும் முன்வருவதில்லை. ஜிங்கோ ஆய்வை நடத்தியது அமெரிக்க அரசின் பணம்தான். அந்த அளவுக்கான சோதனை எல்லா மூலிகைகளுக்கும் கிடைக்கவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். சில நல்ல மூலக்கூறுகள் கேட்பாரற்று நிற்கலாம்.

‘பலனில்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே’ என்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொன்னோம். பெரியம்மா ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் மாத்திரை வாங்கப் போனபோது, வேறு என்னென்ன கொடுக்கிறீர்கள் என்று மருந்தாளுநர் பெண் ஒருவர் கேட்டார். ஜிங்கோ என்றதும் அவர் முகம் மாறியது. இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடலாம், மருத்துவரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள் என்றார். அதுவரை எங்களிடம் யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. மூலிகையை மருந்துக் கணக்கில் சேர்க்கவே எங்களுக்குத் தோன்றவில்லை. இப்படியே ஹூபர்சினையும் காலன்டமினையும் சேர்த்து எடுத்தால் ஒரே என்சைமின் மேல் இரட்டை அடி விழும், நாடித்துடிப்பு குறைந்து மயங்கி விழலாம். குர்குமின் நன்றாக உறிஞ்சப்பட மிளகின் பைப்பரினைச் சேர்த்து விற்கிறார்கள். அந்தப் பைப்பரின் மற்ற மருந்துகளைக் கல்லீரல் கையாளும் விதத்தையும் மாற்றக்கூடியது. செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறார்கள். இங்கே சொல்வது செறிவூட்டிய மாத்திரையைப் பற்றி, சமையலில் இடும் அளவைப் பற்றி இல்லை.

எனக்கு நம்பிக்கை இருக்கும் இடம் வேறு. ரிவாஸ்டிக்மின் போன வழியிலேயே இன்றும் சிலர் போய்க்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் குர்குமினின் அமைப்பிலிருந்து தொடங்கி, அதன் குறைகளைக் களைந்து, ஜே147 என்ற மூலக்கூறைச் செய்தார்கள். ஸ்ட்ராபெரியில் உள்ள ஃபிசெட்டினிலிருந்து சிஎம்எஸ்121 வந்தது. ஜே147 எலிகளைத் தாண்டி, மனிதர்களிடம் பாதுகாப்பைப் பார்க்கும் முதல் கட்டம்வரை வந்திருக்கிறது. ரோஸ்மேரியில் உள்ள கார்னோசிக் அமிலம் சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால், அதை நிலையாக நிற்கும்படி மாற்றி எலிகளில் சோதித்த முடிவுகள் 2025-இல் வெளிவந்தன. இவற்றில் எதுவும் நாளைக்கே மருந்தாகிவிடாது. ஆனால் செடி தந்ததை அப்படியே குப்பியில் அடைக்காமல், அதன் குறை எங்கே என்று பார்த்துத் திருத்துகிற வேலை இது. கலபார் அவரையிலிருந்து தோல்பட்டை வந்த வழியும் இதுதான், அதற்கு நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின.

பெரியம்மாவுக்குக் காலன்டமினை 8 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரம் கழித்து 16 ஆக்கினார்கள். முதல் சில நாள் குமட்டல் இருந்தது, சாப்பிட்ட பிறகு கொடுக்கத் தொடங்கியதும் குறைந்தது. ஏறத்தாழ ஒரு வருடம் தன் புடவையைத் தானே மடித்து வைத்தார், என் பெயரைச் சரியாகச் சொன்னார். அப்புறம் என்னைத் தன் தம்பி என்று நினைத்துக் கூப்பிட ஆரம்பித்தார். அந்த ஒரு வருடத்தை மருந்து தந்ததா, அது இல்லாமலும் அப்படித்தான் இருந்திருப்பாரா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஒரே ஒருவரை வைத்து அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்த 3069 பேரும், தங்கள் கையில் இருப்பது இலைச்சாறா வெறும் மாவா என்று தெரியாமலே, வருடக்கணக்கில் தினம் இருவேளை மாத்திரை விழுங்கினார்கள்.